சீமை ஆட்டு மாத்திரை

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். எந்த ஆண்டு என்பதில் எனக்கும் என் தாயாருக்கும் கடைசிவரை வழக்கு உண்டு, மாதத்தில் இல்லை. அக்கினி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. நான், என் மனைவி, என் தாயார் மூவரும் ராயபுரத்தில் டிராம் ஏறிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வண்டியில் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். என் மனைவி மட்டும் கம்பளியைக் கழுத்துவரை போர்த்தியிருந்தாள்.

"இன்னாம்மா, ஜொரமா?" என்று எதிரே இருந்தவர் கேட்டார்.

"ஜொரம் இல்ல. குளுருது."

அவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

அதற்குள் மூன்று பிள்ளைகளை இழந்திருந்தோம். முதலிரண்டும் வயிறு தெரிவதற்கு முன்பே கலைந்தன. மூன்றாவது, கார்த்திகை மழையில், ஏழாம் மாதத்தில் உயிரில்லாமல் பிறந்தது. அதற்கு நகம்கூட முளைத்திருந்தது. துணியில் சுற்றி மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு நானே எடுத்துப் போனேன்.

எங்கள் வீடு மீன்கார வீடு. தகப்பனார் கடலுக்குப் போனவர். தாயார் தண்டையார்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றார். நான் மட்டும் நாலெழுத்து படித்து, துறைமுகக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை வேண்டும் பெண்கள் வாயைக் கட்டுவார்கள். பிள்ளை பிறக்கும்வரை, பிடித்த உணவை அம்மனுக்கென்று விட்டுவிடுவார்கள். என் மனைவி முதல் இழப்புக்குப் பிறகு கறியை விட்டாள். அடுத்ததற்கு மீன், இறால், கருவாடு எல்லாவற்றையும் விட்டாள். மூன்றாவதற்குப் பிறகு விடுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

"மீன் விக்கிற வூட்ல மருமவ மோர் குடிச்சிகினு கீறா. ஊர் சிரிக்கும்டி," என்பார் தாயார்.

"அம்மனுக்குக் குடுத்த வாக்கு அத்தே."

"ஏன், அம்மன் கூடை எடுத்துகினு மீன் வாங்க வந்தாளா?"

கேலி செய்வாரே தவிர, மீன்சட்டி தொட்ட கரண்டியை அவள் பக்கம் கொண்டுவரமாட்டார்.

நாளுக்கு நாள் அவள் தளர்ந்தாள். முகம் உப்பியது. குரல் ஆண்குரல்போல் கட்டிப்போனது. உட்கார்ந்த இடத்தில் தூங்கினாள். மந்தம் என்றார்கள், சோம்பேறி என்றார்கள். என் தாய்மாமன் ஒருநாள் வந்து, "இன்னொண்ணும் இப்டி ஆச்சுன்னா, என் பொண்ணு கீது, யோசனை பண்ணு நைனா," என்று சொல்லிப் போனார். தாயார் அவரை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே இருந்த என் மனைவிக்கு அது கேட்டது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்தவர். இவள் உட்காரும் முன்பே கம்பளியைத்தான் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அவள் புருவத்தின் வெளி ஓரத்தைத் தடவினார். அங்கே மயிரே இல்லை. எத்தனை வருஷம் பார்த்த முகம்! புருவம் பாதியில் நின்றுபோனதை நான் அன்றுதான் கண்டேன். அவளை நாற்காலியில் முட்டிபோடச் சொல்லி, குதிகால் நரம்பில் ஒரு சிறு ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் திரும்பி வரும்போது, யோசித்து யோசித்து வருவதுபோல் மெல்ல வந்தது.

"போன காலு திரும்பி வர மனசில்லாம வருது, பாருங்க," என்றார். "தொண்டையில ஒரு சின்னச் சுரப்பி உண்டு. உடம்புக்கு அதுதான் அடுப்பு. அது தணிஞ்சு கெடக்கு. எல்லாருக்கும் பிள்ளை தங்காததுக்கு இதுதான் காரணம்னு சொல்லமாட்டேன். இவங்களுக்கு இதுதான்னு நெனைக்கேன்."

சாப்பாட்டைப் பற்றி விசாரித்தபோது நேர்த்திக்கடன் வெளியே வந்தது. அவர் திகைத்துப்போனார்.

"கடக்கரையில இருந்துகிட்டு மீன் திங்கலையா? அந்தச் சுரப்பிக்கு வேண்டியதே கடல்லதான் இருக்கு!"

வாயைக் கட்டியதால் நோய் வந்ததா, வந்த நோயை அது வளர்த்ததா என்று அவரும் சொல்லவில்லை. பின்னாளில் நான் தேடிப் படித்த புத்தகங்களிலும் தெளிவில்லை.

மருந்து என்ன என்று சொன்னபோது என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆட்டின் தொண்டையிலுள்ள அதே சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரை.

டிராமில் திரும்பும்போது, "நான் முழுங்கமாட்டேன்," என்றாள். "வாக்கு குடுத்துட்டு ஆட்டத் தின்னா, அம்மன் நாலாவதையும் எடுத்துக்குவா."

இறங்கியதும் தாயார் அவள் கையைப் பிடித்து நேரே அம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனார். சன்னிதியில் நின்று, மீன் கூவும் அதே குரலில் சொன்னார்:

"இதோ பாரு தாயே, இவ வாயத் தொறக்கறா. மூடறதுக்கு என் வாய் கீது. இன்னிலேந்து மீனு, கறி, அல்லாத்தையும் நான் வுட்டேன். எதுவா இருந்தாலும் என்னாண்ட வா. அவளாண்ட போவாதே."

மீன்தலை இல்லாமல் சோற்றில் கை வைக்காதவர் என் தாயார். என் மனைவி அழுதாள்.

"இன்னாத்துக்கு அழுவற? வூட்டுக்குப் போய் எனக்குக் கீரை கடை."

அன்று மாலையே அவள் முதல் மாத்திரையை விழுங்கினாள்.

ஆடியில் கம்பளி பெட்டிக்குள் போனது. புரட்டாசியில் ஒருநாள் வேலையிலிருந்து திரும்பினேன். வீட்டுக்குள் யாரோ ஒரு பெண் கணீரென்ற குரலில் என் தாயாரோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண் என்று எண்ணி வாசலிலேயே நின்றேன். என் மனைவி!

"டேய், நீ கட்டிகினு வந்தது இவளத்தானா?" என்றார் தாயார்.

சுபாவம் என்று நாங்கள் நினைத்திருந்தது சுபாவமே இல்லை. கடுகளவு பொருள் குறைந்ததால் ஒரு மனுஷி இத்தனை வருஷம் தன் உடம்புக்குள்ளேயே காணாமல் போயிருந்தாள். நட்சத்திரங்களின் தூரத்தைப் பற்றியெல்லாம் படித்திருக்கிறேன். அன்று வாசலில் சிலிர்த்ததுபோல் எதற்கும் எனக்குச் சிலிர்த்ததில்லை.

மறு சித்திரையில் அவளுக்கு நாள் தள்ளியது. மாத்திரை நிற்கவில்லை. ஏழாம் மாதம் முழுக்க வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. பேசினால் எதுவோ விழித்துக்கொள்ளும் என்பதுபோல் இருந்தோம். அந்த மாதம் கடந்தது. தையில், அதே ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை பிறந்தது. அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டும் நான் நம்பவில்லை. இன்னொரு தடவை அழட்டும் என்று காத்திருந்தேன்.

தாயார் குழந்தையைத் தொடாமல் டாக்டரம்மாவிடம் போனார்.

"யம்மா, இவளுக்கோசரம் எத்தினி ஆடு செத்துச்சு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "தெரியலையேம்மா. எல்லாம் சீமை ஆடு."

"சீமை ஆடா இருந்தா இன்னா, அதுவும் ஒரு தாய் பெத்ததுதானே."

ஜட்காவில் வீடு திரும்பினோம். வழியில் புளியந்தோப்பில் ஆடறுக்கும் தொட்டிக்குப் போகும் ஆட்டுமந்தை சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. வண்டி நின்றது. தாயார் இறங்கி, மந்தை ஓரமாக நின்று கைகூப்பினார்.

"ஆயா, இது கறிக்குப் போற ஆடு," என்றார் மந்தைக்காரர், குழம்பிப்போய்.

"தெரியும், நீ போ," என்றார் தாயார். கடைசி ஆடு கடக்கும்வரை கூப்பிய கையை அவர் இறக்கவில்லை.