பேயைச் சின்னதாக்கிய நவம்பர்

எங்கள் வீட்டில் பேய்களுக்கு ஒரு பருவம் இருந்தது. நவம்பர் பிறந்ததும் வரும், கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கியதும் போய்விடும். மற்ற மாதங்களில் எவ்வளவு கெஞ்சினாலும் அப்பா பேய்க்கதை வாசிக்க மாட்டார். பருவம் தப்பிய மாம்பழம் மாதிரி அது ருசிக்காது என்பது அவருடைய கட்சி.

நவம்பர் ஆத்துமாக்களின் மாதம். இறந்தவர்களுக்குப் பூசை வைப்பதும் கல்லறைக்குப் போவதும் அப்போதுதான். மதுரைக்கு உருப்படியாக மழை வருவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஐந்தரைக்கே மசமசவென்று ஆகி, கரண்டும் போய்விட்டால் அப்பாவுக்குக் கொண்டாட்டம். ஜெபமாலை முடிந்த கையோடு கதையை எடுத்துவிடுவார். அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது.

"மோட்சம் சேராம உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்கு வேண்டிக்கிட்ட வாயாலயே பேய்க்கதையும் வாசிப்பீகளா? சாமியாருக்குத் தெரிஞ்சா என்ன நெனப்பாரு?"

"அவரு போன வருசம் வாங்கிட்டுப் போன புத்தகத்தையே இன்னும் திருப்பித் தரல" என்பார் அப்பா.

அப்பா மிஷன் பள்ளி ஆபீசில் எழுத்தர். அம்மா அதே பள்ளியில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் அப்பாதான். அந்தக் குரலைக் கேட்டால் பின்வரிசையில் தூங்குகிறவர்கூட நிமிர்ந்து உட்காருவார். அதே குரலில் பேய் வந்தால் பத்து வயதுப் பெண் என்ன ஆவாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

முதலில் எல்லாம் மாத நாவல்கள்தான். அட்டையில் தலைவிரித்த பெண்ணும் பின்னால் ஒரு பங்களாவும் இருக்கும். பேருந்து நிலையக் கடையில் அப்பா வாங்கி வருவார். அப்புறம் யாரோ பழைய புத்தகங்களைப் படம் பிடித்துச் செல்பேசிக்கு அனுப்பினார்கள். அதை விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். பேய் வலது ஓரத்துக்கு வருவதற்குள் இடது ஓரத்தில் யார் நின்றார்கள் என்பது மறந்துபோகும். கடைசியாக, குவைத்தில் நர்சாக இருந்த அத்தை விடுமுறைக்கு வந்தபோது, புத்தகம் படிக்கவே செய்த ஒரு மெல்லிய கருவியைக் கொண்டுவந்தார். கண் கூசாது, இருட்டிலும் தெரியும், எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம். அப்பா அதற்குச் 'சிலேட்டு' என்று பெயர் வைத்தார்.

சிலேட்டு வந்த நாளிலிருந்து அப்பா அதை விட்டுப் பிரியவில்லை. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கும் வித்தை மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. அது என் இலாகா. "பாப்பா, இன்னும் ஒரு சுத்து பெருசாக்கு" என்பார். முதல் வருடம் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி இருந்தது. அடுத்த நவம்பரில் அது நாலு வரியாகிவிட்டது.

"ஏங்க, இது என்ன கதையா, சொவத்து வெளம்பரமா?" என்றார் அம்மா.

"பேய்க்கதைய இப்படித்தான் வாசிக்கணும். அடுத்த வரி கண்ணுக்குத் தெரியக் கூடாது."

அது உண்மைதான் என்பதுதான் என் கஷ்டம். 'கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட்டது. கயிறு மெல்ல மேலே வந்தது. வாளிக்குள்' என்று பக்கம் முடிந்துவிடும். அப்பா விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த இரண்டு நொடியில் நான் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். ஆகவே நான் ஒரு தற்காப்பு வைத்திருந்தேன். யாரும் இல்லாத நேரத்தில் சிலேட்டை எடுத்து எழுத்தை இருப்பதிலேயே சின்னதாக்கிவிடுவேன். பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடும். பேய் எந்த வரியில் வருகிறது, எந்த வரியில் போகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அந்த அளவு எழுத்தில் எப்பேர்ப்பட்ட பேயும் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கும். படித்து முடித்ததும் மறுபடி நாலு வரியாக்கி, உறையில் போட்டுவிட்டு, சாயங்காலம் பயப்படாதவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் பங்குக் கோயிலில் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அன்று மாலை, கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவைக்குக் கீழே நின்று அப்பா அவற்றை மைக்கில் வாசிப்பார். அவரவர் வீட்டுக் கல்லறையருகே மெழுகுதிரியோடு நிற்கிறவர்கள், தங்கள் ஆள் பெயர் காதில் விழுந்த பிறகுதான் திரியைக் கொளுத்துவார்கள். எனக்கு அது பள்ளியில் வருகைப் பதிவு எடுப்பது மாதிரி இருக்கும். செத்தவர்கள் ஒவ்வொருவராக வெளிச்சத்தைக் காட்டி 'உள்ளேன் ஐயா' சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அதுவரை ஒரு பழைய நோட்டைப் பார்த்து வாசித்துவந்த அப்பா, அந்த வருடம் பெயர்களையும் சிலேட்டில் ஏற்றிவிடலாம் என்றார். நான் சீட்டுகளைப் பார்த்து உரக்கச் சொன்னேன். அப்பா அதைத் திருப்பிச் சொல்ல, அம்மாவின் செல்பேசி கேட்டு எழுதிக்கொண்டது. அதைச் சிலேட்டுக்கு அனுப்பினோம்.

ஒரு வீட்டுச் சீட்டு மட்டும் வரவில்லை. அம்மாவோடு வேலை பார்த்த மூன்றாம் வகுப்பு டீச்சர் வீட்டுச் சீட்டு. அவருடைய ஒரே மகன் ஜெரால்டு அண்ணன் அந்த ஜூனில்தான் மேலூர் ரோட்டில் பைக் விபத்தில் இறந்திருந்தார். என்னைத் தெருமுனை வரைக்கும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போன அண்ணன். சீட்டு வாங்கப் போன அப்பாவிடம் டீச்சர் வாசலிலேயே சொல்லிவிட்டாராம்: "பேரு தர மாட்டேன் சார். குடுத்துட்டா எம்புள்ள செத்தது நெசமாயிரும்."

திருநாளன்று மதியம் அப்பா மைக் கட்டுவதை மேற்பார்க்கப் போயிருந்தார். நான் சிலேட்டும் கையுமாக, முந்தின நாள் அப்பா நிறுத்திய இடத்துக்கு அப்புறம் பேய் என்ன செய்கிறது என்று குட்டி எழுத்தில் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டீச்சர் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே அம்மாவின் கையில் ஒரு சீட்டை வைத்துவிட்டு, "சாயங்காலம் வாசிச்சிரச் சொல்லுங்க" என்று சொல்லிப் போய்விட்டார். முழுப்பெயரையும் எழுதி அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதச் சேத்துட்டு அப்பாகிட்டயும் சொல்லிரு" என்றார்.

பெயரைக் கடைசியில் சேர்த்துச் சிலேட்டுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று திறந்தும் பார்த்தேன். குட்டி எழுத்தில் அத்தனை பெயரும் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டிருந்தன. அதற்குள் உடுப்பு மாற்றச் சொல்லி அம்மா கூப்பிட்டார். எழுத்தைப் பெரிதாக்க மறந்தேன். அப்பாவிடம் சொல்லவுமில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? எழுதி வைத்ததைத்தானே அவர் வாசிக்கப்போகிறார்.

நாலரை மணிக்கு வானம் மூட்டமாக இருந்தது. நானும் அம்மாவும் தாத்தா கல்லறையருகே நின்றோம். நாலைந்து கல்லறை தள்ளி, இன்னும் சிமெண்டு பூசாத மேட்டின் பக்கத்தில் டீச்சர் தனியாக நின்றார். அப்பா சிலுவைக்குக் கீழே போய், அம்மா கொண்டுவந்து கொடுத்த சிலேட்டைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், விரலால் இரண்டு இடத்தில் தட்டினார். எழுத்துச் சிக்கல் எனக்குச் சுரீரென்று உறைத்தது. ஆனால் அவர் என்னைக் கூப்பிடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கிவிட்டார்.

பெயர்கள் வந்தன, மெழுகுதிரிகள் எரிந்தன. எனக்கு நிம்மதியானது. கொஞ்ச நேரத்தில்தான் ஏதோ இடிப்பது தெரிந்தது. நாங்கள் ஏற்றிய வரிசையில் அவர் வாசிக்கவில்லை. போன வருட வரிசையில் போய்க்கொண்டிருந்தார். நடுநடுவே பக்கத்தை வேறு தள்ளினார். ஒரே பக்கம்தானே, எதைத் தள்ளுகிறார்? அப்பா பார்த்து வாசிக்கவில்லை, மனப்பாடமாக ஒப்பிக்கிறார் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. பரீட்சையில் காப்பியடிக்கிறவரைப் பார்த்த மாதிரி எனக்குக் கோபம் வந்தது.

"நினைத்துக்கொள்ள ஆளில்லாத எல்லா ஆத்துமாக்களுக்காகவும்" என்று முடித்தார். அதுதான் வழக்கமான முடிவு. அதற்கப்புறம் பெயர் கிடையாது. டீச்சர் தீப்பெட்டியைத் திறந்தபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தார். பங்குத் தந்தை தீர்த்தம் தெளிக்க முன்னே வந்தார். டீச்சர் மெல்லத் தீப்பெட்டியை மூடிக் கைப்பைக்குள் வைத்தார்.

நான் ஓடினேன். அம்மா கையைப் பிடித்ததை உதறிவிட்டு ஓடினேன்.

"அப்பா, ஜெரால்டு அண்ணன விட்டுட்டீங்க! டீச்சர் மத்தியானம் சீட்டு குடுத்தாங்க, நான்தான் கடைசியில சேத்தேன். நீங்க பாக்காமயே வாசிக்கிறீங்க!"

மைக் அத்தனையையும் தோட்டம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்பா என்னை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. குனிந்து சிலேட்டை என் கையில் கொடுத்து, மைக்கை என் உயரத்துக்கு இறக்கினார்.

"நீயே வாசி, பாப்பா."

"மரிய ஜெரால்டு" என்று கத்தி வாசித்தேன். டீச்சர் தீப்பெட்டியை மறுபடி வெளியே எடுத்தார். மூன்றாவது குச்சியில்தான் திரி பற்றியது. அதை மேட்டில் ஊன்றிவிட்டு, மண்ணில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். ஜூனிலிருந்து அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார் என்று அம்மா பின்னால் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் அப்பா அவரிடம் போனார். "மன்னிச்சிருங்க டீச்சர். எம்மேலதான் தப்பு."

"இருக்கட்டும் சார். அதான் பாப்பா வாசிச்சிட்டாள்ல."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அப்பா தப்பு விட்டதையும் நான் திருத்தியதையும் வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மா அப்பாவிடம் கேட்டது காதில் விழுந்தது. "எம்புட்டு நாளா இப்படி?" "ரெண்டு வருசமா." "ஆபீஸ்ல?" "கூட இருக்க தம்பி எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுறான்." இரண்டு வருடமாகவே அப்பா பார்க்காமல் ஒப்பித்து ஊரை ஏமாற்றியிருக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன்.

உண்மை என்ன என்பது எனக்குத் தெரிய ஐந்தாறு வருடம் ஆனது. கண் வைத்தியத்துக்கு எங்கெங்கிருந்தோ மதுரைக்கு வருகிறார்கள். அப்பாவும் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஆசுபத்திரிக்குப் போய், இது சரியாகாது என்று கேட்டுக்கொண்டு, எனக்குப் போண்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்துகொண்டே போகிற நோய் அது. நேருக்கு நேர் பார்த்தால் பார்க்கிற இடத்தில் ஒரு கறைதான் இருக்கும். ஓரங்களில் மட்டும் பார்வை மிஞ்சும். ஆகவே இப்படிப்பட்டவர்கள் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்த முகத்தைப் பார்க்காமல், பக்கத்தில் எங்காவது பார்க்க வேண்டும். அப்போதுதான் அது ஓரத்தில் வந்து விழும். அந்தத் திருநாளுக்குப் பிறகு அப்பா மைக் முன்னால் நிற்கவில்லை. ஆபீஸ் வேலையும் அடுத்த வருடம் போனது. இப்போது செல்பேசி அவருக்குக் கதை வாசிக்கிறது. பேயையும் பால்காரரையும் ஒரே தொனியில் சொல்கிறது என்று குறைபட்டுக்கொள்கிறார்.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா சிலேட்டை என்னிடமே கொடுத்து, "இன்னைக்கு நீ வாசிச்சுக் காட்டு" என்றார். பெரிய கௌரவமாக எண்ணி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவைப் போலவே நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். நல்ல கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால், அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பக்கத்திலும் அப்படியே. ஊர் நடுவே மானத்தை வாங்கியதற்குத்தான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறார் என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"எழுத்தச் சின்னதாக்குனது நான்தாம்ப்பா. பேயின்னா பயமா இருந்துச்சு."

"சின்னதாக்குனா பயம் போயிருச்சா?"

"கொஞ்சம்."

அப்பா சிரித்தார். அப்போதும் பார்வை சுவரில்தான் இருந்தது.

"எம்மேல கோவமாப்பா? என்னையப் பாருங்க."

"ஒன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், பாப்பா. ரொம்ப நேரமா."

பச்சைப் பொய் என்று நினைத்தேன். சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு, முட்டி போட்டு, அவருடைய தாடையை இரண்டு கையாலும் பிடித்து என் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். அவர் தடுக்கவில்லை. கண்கள் நேராக என் கண்களில் நின்றன.

"இப்பப் பாக்குறீங்களா?"

"பாக்குறேன்" என்றார் அப்பா.

எனக்குத் திருப்தியாக இருந்தது. உட்கார்ந்து அடுத்த பக்கத்தை வாசிக்கத் தொடங்கினேன்.