மூன்றாவது கோடு

மருத்துவ உதவி கேட்கும் ஒப்பந்த ஊழியருக்கு ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அதை எழுதியவன் நான். ஓய்வுக்கு முந்தைய ஆண்டு, மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும் என்பதைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து, எங்கள் வைட்ஃபீல்ட் அலுவலகச் சுவரில் ஒட்டினேன். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. புரிகிறதா என்று பார்க்க, ஒப்பந்த ஊழியரான வாசல் காவலாளியை அழைத்தேன்.

ஜோகுபாளையத்துக்காரர். கஞ்சி போட்ட சீருடை, நரைத்த மீசை. எதைப் படித்தாலும் சுண்டுவிரலை அதன் கீழே நகர்த்திக்கொண்டே படிப்பார்.

“ஒப்புதல் அலுவலர்னா யாரு சார்? மூணாவது மாடி மேடமா? அப்ப அப்படியே எழுதுங்க. எங்க ஆளுங்க அலுவலரைத் தேடிக்கிட்டு கேன்டீனுக்குப் போயிடுவாங்க.”

திருத்திக்கொண்டேன். கடைசிக் கட்டத்தில் அவர் விரல் நின்றது.

“ஆமான்னா இந்தக் கோடு, இல்லன்னா அந்தக் கோடு. ஒண்ணுமே சொல்லலைன்னா எந்தக் கோடு சார்?”

“ஏழு நாளைக்குள்ள சொல்லியே ஆகணும். விதி இருக்கு.”

“வீட்டம்மாவுக்கு இதய ஆபரேஷன்னு மனு கொடுத்து ஒரு மாசம் ஆச்சு சார். நான் இங்கயேதான் நிக்கிறேன்.”

அன்றே மூன்றாவது மாடிக்கு முறைப்படி நினைவூட்டல் அனுப்பினேன். படியேறிப் போய் நேரில் கேட்கவில்லை. என் படத்தில் அதற்குக் கட்டம் இல்லை. மறுநாளும் அவர் எனக்கு வழக்கம்போல் சலாம் வைத்தார். அதில் கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஒப்புதல் வந்தது, அவர் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்தன்று.