வீடியோவில் மட்டும் இருந்த தடுப்பு

எங்கள் தெருவில் என் அக்காவுக்குப் பெயர் ‘சினிமா’. "சினிமா வீட்டுல இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் வருவார்கள். பிறந்தநாள் வீடியோவில் குழந்தையை மேகத்தின் மேல் உட்கார வைக்க வேண்டுமா, கடை விளம்பரத்தில் ஓட்டை ஸ்கூட்டரைப் பறக்க விட வேண்டுமா, எல்லாம் அவளிடம்தான். படுக்கையறை மூலையில் ஒரு மேசை. அவள் கணவரான மாமாவின் ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒரு லேப்டாப். அதில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளக்கூடிய சாதாரண எடிட்டிங் சாஃப்ட்வேர். எதிர்ச் சுவரில் ஆணியடித்துத் தொங்கும் ஒரு பச்சைப் போர்வை. அந்தப் போர்வையைத் துவைக்கலாமா என்று மாமா கேட்டால் போதும், வீடு இரண்டுபடும். சாயம் ஒரே மாதிரி இல்லாவிட்டால், படத்தில் பச்சையை அழித்து வேறு பின்னணி வைக்க வராதாம்.

கெட்டிக்காரிதான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"வீட்டு சாஃப்ட்வேர்ல செஞ்சதுன்னு ஏன் பாத்ததுமே தெரியுது சொல்லு? ரொம்ப சுத்தமா வச்சிடுவாங்க. புதுசா வைக்கிறத கொஞ்சம் அழுக்காக்கணும்டி. ஓரத்த மழுங்கடிக்கணும். கேமரா எவ்வளவு மோசமோ, அதுவும் அவ்வளவு மோசமா இருக்கணும். நிழல மறந்தா குழந்தகூட கண்டுபிடிச்சிடும்" என்பாள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். அவள் பாட்டுக்கு நிழலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

நான் அட்டைப்பெட்டி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் அட்டை வெட்டும் மிஷின் ஒன்று உண்டு. காலால் மிதித்தால் கத்தி இறங்கும். கத்திக்கு முன்னால் கை போகாதபடி ஒரு மஞ்சள் வலைத் தடுப்பு இருக்க வேண்டும். எங்கள் மிஷினில் அது உடைந்து எத்தனையோ காலமாயிற்று. அந்த மிஷினை ஓட்டியவள் நெட்டை. கம்பெனியில் அவள் தலை மட்டும் தனியாகத் தெரியும், அதனால் அந்தப் பெயர். அட்டைத் துணுக்கு சிக்கினால் கையை உள்ளே விட்டு இழுத்துவிட்டு, வெளியே எடுத்த கையோடு மிதிப்பாள். பார்க்கிற நாங்கள்தான் கண்ணை மூடிக்கொள்வோம்.

ஒரு நாள் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லா மிஷினும் தடுப்போடு ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், நேரில் வர ஆள் இல்லை என்று. மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான். "எங்க அக்கா இல்லாததயே இருக்கிற மாதிரி காட்டுவா சார்" என்று பெருமையடித்தேன். அந்த நாக்கை அன்றைக்கே கடித்துத் துப்பியிருக்க வேண்டும்.

மறுநாளே, நெட்டை மிஷின் ஓட்டுவதைப் போனில் எடுத்துக்கொண்டு மேனேஜர் வீட்டுக்கு வந்துவிட்டார். "தடுப்பு ஆர்டர் போட்டாச்சும்மா. வர ஒரு வாரம் ஆகும். அவங்க அதுக்குள்ள வீடியோ கேக்கறாங்க. அவ்வளவுதான் விஷயம்" என்றார். அக்கா தயங்கினாள். அதை நான் பார்த்தேன். அதற்குள் அவர் மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஆனா இதுலெல்லாம் அது வராது, இல்லயா?" என்றார். முடிந்தது கதை. "கிளிப்ப குடுத்துட்டுப் போங்க" என்றாள்.

மூன்று நாள் அந்த மேசையை விட்டு எழவில்லை. பக்கத்துப் பட்டறையில் அதே மாதிரி மிஷினின் தடுப்பை போனில் படம் பிடித்து வந்து வெட்டி ஒட்டினாள். மிஷின் அதிரும்போது அதையும் அதிர வைத்தாள். டியூப்லைட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று என்னிடம் கேட்டு நிழல் போட்டாள். அட்டைத் தூசியைக்கூட அதன் மேல் படிய வைத்தாள். முடித்துவிட்டுக் காட்டியபோது, தினமும் அந்த மிஷினைப் பார்க்கிற நானே ஒரு நொடி நம்பினேன். கை தட்டினேன். ஆமாம், கை தட்டினேன்.

அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஒரு வாரம் எட்டு மாதமானது. தடுப்பு வரவே இல்லை. எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, நெட்டையின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

மறு வாரமே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. மிஷினில் தடுப்பு இருந்ததாம். வேகமாக வேலை முடிக்க நெட்டையே அதைக் கழற்றி எறிந்தாளாம். ஆதாரம், அலுவலகத்துக்கு அனுப்பிய வீடியோ. விசாரணை முடியும் வரை வேலை கிடையாது. முடிந்த பிறகும் கிடையாது என்பது படித்த எல்லாருக்கும் புரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவின் அறைக்குள் போய் நின்றேன்.

"ஃபைல குடு."

"அழிச்சிட்டேன்."

"பொய் சொல்லாத. ரெண்டாம் கிளாஸ்ல வரஞ்ச கோழிய இன்னும் பத்திரமா வச்சிருக்கிறவ நீ."

"நானும்தான்டி மாட்டுவேன். நாளைக்கு எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"அவளுக்கு எவன் குடுப்பான்? விரல் இருந்தப்பவே நாய் மாதிரி நடத்தினானுங்க!"

அழுதாள். நான் அசையவில்லை. அழுகையைப் பார்த்து இளகுகிற கோபம் இல்லை அது. அவளிடம் நான்கு நாள் பேசவில்லை. ஆய்வு அதிகாரி கம்பெனிக்கு வந்தபோது, வீடியோ பொய் என்று அவரிடம் நானே சொன்னேன். மேனேஜர் சிரித்தார். "சார், இந்தப் பொண்ணோட அக்கா வீட்ல உக்காந்து பர்த்டே வீடியோ பண்றவங்க. இதெல்லாம் பெரிய பெரிய ஸ்டூடியோவுல, பத்துப் பேர் சேந்து பண்ற வேலை" என்றார். அதிகாரியும் நம்புகிற மாதிரிதான் தலையாட்டினார்.

அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைப் பைக்குள் வைத்தாள். நியாயத்துக்காக எழுந்தாளா, ரோஷத்துக்காக எழுந்தாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கூடப் பிறந்தவள், எனக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் கோபம்தான் வந்தது.

விசாரணை கம்பெனி ஆபீஸ் அறையில் நடந்தது. அதிகாரி, மேனேஜர், கையில் கட்டோடு நெட்டை, நாங்கள் இரண்டு பேர். அக்கா லேப்டாப்பைத் திறந்தாள். திரையின் கீழ்ப்பாதியில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பட்டைகள், அவள் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைப்பது அவள் பழக்கம்.

"இது தூசி" என்று ஒன்றை அணைத்தாள். தடுப்பின் மேலிருந்த தூசி போயிற்று. "இது நிழல்." நிழல் போயிற்று. "இது தடுப்பு." மஞ்சள் வலை துடைத்த மாதிரி காணாமல் போய், வெறும் கத்தி நின்றது. மேனேஜர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார், குடிக்கவில்லை. அதிகாரி மேசையிலிருந்த அந்த நோட்டீஸ் தாளைப் பேனாவால் குறுக்கே அடித்தார்.

"நீங்க செஞ்சதையும் எழுதிக் கையெழுத்து போடணும்மா" என்றார். அக்கா சரி என்றாள். முகத்தில் பயமும் இருந்தது, ஜெயித்த களையும் இருந்தது. லேப்டாப்பை மூடப் போனாள்.

"இருங்க, இன்னொண்ணு இருக்கே. ‘விரல்’னு போட்டிருக்கு. அது என்ன?" என்றார் அதிகாரி.

அக்கா அதையும் அணைத்தாள். அதுவரை கத்திக்கு முன்னாலேயே மொட்டையாக நின்றுபோன நெட்டையின் கையில் விரல்கள் முளைத்தன. ஐந்தும் கத்திக்கு நேர் கீழே போய், துணுக்கை இழுத்துக்கொண்டு வெளியே வந்தன. வலைக்குப் பின்னால் விரல் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும் என்று அக்கா அதை அழித்திருக்கிறாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

நெட்டை எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"ஒரே அழுத்துல அழிஞ்சிடுமா இது?"

"இல்ல" என்றாள் அக்கா. "வீடியோவுல ஓடற ஒவ்வொரு படமா அழிக்கணும்."

"எத்தன படம்?"

"நானூத்திப் பன்னெண்டு."

நெட்டை கட்டுப் போட்ட கையை மேசை மேல், லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என் கை கத்திக்கு அடியில போறத நானூத்திப் பன்னெண்டு தடவ பாத்திருக்க" என்றாள். "ஒரு தடவ வந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."