மஞ்சுநாத்தின் கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு, நான் வாங்கிய கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து "வெல்கம், மஞ்சுநாத்" என்றது. அதற்குக் கீழே ஏதோ ஒரு கம்பெனியின் பெயர். அதற்கும் கீழே, அலுவலக மெயிலும் பாஸ்வேர்டும் போடச் சொல்லி ஒரு கட்டம். எனக்கு அலுவலகமே கிடையாது. மஞ்சுநாத் என்று எங்கள் வம்சத்திலேயே ஆள் கிடையாது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே வரவேற்பு. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்ததிலிருந்து இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வரவேற்றதில்லை. வந்த மரியாதையும் இன்னொருவர் பெயரில்.

கிருஷ்ணகிரிக்காரி தன்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம். ஆனால் ஓசூர் தாண்டிக் கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி வந்ததும் என் குரல் தானாகத் தணிந்துவிடும். எங்கள் ஸ்கூட்டரில் இன்னும் தமிழ்நாட்டு நம்பர். ஆதாரில் ஊர் முகவரி. டிவியில் காவிரிச் செய்தி ஓடுகிற நாட்களில் என் கணவர் செந்தில் வண்டியை வெளியே எடுக்கமாட்டார். எங்களை இங்கே யாரும் ஒரு சொல் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பயம் அதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் சொல்லித்தரும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை முதல் வகுப்பு. கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். புதிது வாங்க வசதியில்லை. அல்சூர்ப் பக்கம் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில் இதைப் பிடித்தோம். திறந்தால் இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று கடைக்காரர் எங்களுக்காகப் போட்டுத் தந்தது. இன்னொன்று பூட்டியிருந்தது. அதன்மேல் சின்ன வட்டத்துக்குள், பெண்குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துச் சிரிக்கும் ஒரு மனிதர். "ஹாகே யூஸ் மாடி மேடம், ரீசெட் மாத்ர மாட்பேடி" என்றார் கடைக்காரர். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்க மட்டும் வேண்டாம் என்கிறார். ஏன் என்று கேட்க என் கன்னடம் போதவில்லை. காசு வாங்கியாயிற்று, இனி வேலை செய்யச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் பழைய பாத்திரம் எது வந்தாலும் புளி போட்டுத் தேய்க்காமல் அடுப்பில் ஏற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழித்து, கம்ப்யூட்டரை ஈரத்துணியால் துடைத்து மஞ்சள் குங்குமம் வைத்தேன். வெளியே துடைத்தவள் உள்ளே விடுவேனா? முன்பின் தெரியாத ஒரு ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் அழிக்கவா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். அழித்து முடித்து, நெட்டில் சேர்ந்த உடனேதான் அது தன் பழைய எஜமானின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. இது கம்பெனிக்குச் சொந்தமான கருவி, இருக்கும் இடத்தைக் கம்பெனி அறியக்கூடும் என்றும் திரையின் அடியில் எழுதியிருந்தது. படித்த கையோடு என் நெற்றிப் பொட்டை எடுத்துக் கேமராவின் மேல் ஒட்டினேன்.

ஊரில் அடுத்தவர் பெயருக்கு இப்படிப் பயந்ததில்லை. எங்கள் எவர்சில்வர் பாத்திரங்களில் எத்தனையோ, வேறு வீட்டுப் பெயர் வெட்டியவை. கல்யாண வீட்டில் தூக்குச் சட்டி மாறிவிடும். எங்கள் தாம்பாளம் யார் வீட்டில் இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியும், அவர்களுடைய தூக்கு எங்களிடம் இருப்பது அவர்களுக்கும் தெரியும். விசேஷத்துக்கு விசேஷம் அதை வைத்தே கேலி நடக்கும். பாத்திரத்தில் இருக்கும் பெயரைப் படித்தாலே ஆளின் முகம் வந்துவிடும். மஞ்சுநாத் யார் என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

சனிக்கிழமை செந்தில் கடைக்குப் போனார். ரீசெட் செய்ய வேண்டாம் என்று சொன்னேனே, இனி நீங்களாயிற்று கம்பெனியாயிற்று என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அவர் கொடுத்திருந்த துண்டுச்சீட்டில் கடையின் பெயர்கூட இல்லை. நாங்கள் வாங்கினோம் என்பதற்கு எங்கள் வாய்ச்சொல்தான் சாட்சி, அந்த வாய்ச்சொல்லும் தமிழில். தண்ணீர் கேன்காரர் பெல் அடித்தபோது கம்ப்யூட்டரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். போலீஸ் வந்தால் சொல்வதற்குத் தன்னோடு வேலை செய்யும் டிரைவரிடம் கேட்டு செந்தில் ஒரு வாக்கியம் கொண்டுவந்தார்: "நாவு கள்ளரல்லா, துட்டு கொட்டு தகொண்டித்வி." நாங்கள் திருடர்கள் இல்லை, காசு கொடுத்து வாங்கினோம். தோசைக்கு மாவு அரைக்கும்போதும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

திரையில் உதவிக்கு என்று ஒரு போன் நம்பர் இருந்தது. பேசிவிடலாம் என்றேன்.

"நாமளா போயி தலைய குடுக்கணுமா, வசந்தி? பேசாம ஏரியில போட்டுட்டு வந்துர்றேன்."

"ஏரியில போட்டா மட்டும் எங்க இருக்குன்னு காட்டாதா? திருட்டுச் சாமான்ல உக்காந்து புள்ளைங்களுக்கு நான் என்னன்னு பாடம் சொல்றது?"

போனை எடுத்தவர் ஆங்கிலத்தில் பேசினார். கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள எண்ணைக் கேட்டார். வாசித்தேன். கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரல் இறங்கிப்போய், "மேடம், ஆர் யூ மிஸஸ் மஞ்சுநாத்?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவரே வருத்தம் சொன்னார். சார் தவறிய பிறகு, ஒரு லேப்டாப்புக்காக வீட்டாரைத் தொந்தரவு செய்ய மனம் வரவில்லையாம். நீங்களே வைத்துக்கொள்வதென்றால் சொல்லுங்கள், இப்போதே கம்பெனிக் கணக்கிலிருந்து விடுவித்துவிடுகிறேன் என்றார்.

ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டுக்கொண்டு எதிரே செந்தில் உட்கார்ந்திருந்தார். சொல்லு, சொல்லு என்று தலையை ஆட்டினார். ஒரு 'எஸ்' சொன்னால் போதும், போலீஸ் இல்லை, பயம் இல்லை, திங்கட்கிழமை வகுப்பு. என் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. தலையாட்டும் புருஷனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இன்னொருவரின் விதவை என்று ஒரு நிமிடத்துக்குக்கூட நாக்கு புரளுமா? சுவரில் பல்லி சத்தம் போட்டாலே பதறுகிறவள் நான். "நோ சார், ஐ ஆம் நாட் ஹிஸ் ஒய்ஃப்" என்றேன். கடை, துண்டுச்சீட்டு, என் பெயர், வீட்டு முகவரி எல்லாவற்றையும் தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தேன். சார் வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார். செந்தில் எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, சமைத்தது அப்படியே கிடந்தது. மத்தியானத்துக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து போன். ஒரு பெண் குரல், கன்னடம். மஞ்சுநாத்தின் மனைவி. மனப்பாடம் செய்த வாக்கியத்தை நான் நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கோபப்படவில்லை. வீடு மாறும்போது பழைய சாமான்களோடு தான்தான் அதைப் போட்டுவிட்டதாகச் சொன்னார். கம்பெனியிடமும் பேசிவிட்டாராம், "நீவே இட்கொள்ளி" என்றார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செந்திலுக்கு அது புரிந்துவிட்டது, நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

அந்த அம்மா போனை வைக்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார். "அதரல்லி நம்ம யஜமான்ர ஃபோட்டோ ஏனாதரூ இத்தா?"

அதில் எங்கள் வீட்டுக்காரரின் போட்டோ ஏதாவது இருந்ததா என்று கேட்கிறார்.

தோளில் குழந்தையோடு சிரித்த அந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. பூட்டிய அந்தப் பெயருக்குள் இன்னும் என்னென்ன இருந்ததோ. நான் பதில் சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். அழித்ததைச் சொல்ல வேண்டும், அந்தச் சிரிப்பைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். தமிழில் எல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. கன்னடத்தில் என்னிடம் இருந்தது, நாங்கள் திருடர்கள் இல்லை என்கிற அந்த ஒரு வாக்கியம்தான்.