நஃபீசாவின் மடியில் இருந்தது யார்?

எகிப்தின் தமியாத் நகரில் சோபா தைப்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. பெண்ணொருத்தி தைப்பது அவாதிஃப்பின் கடையில் மட்டும்தான். கணவன் திடீரென்று இறந்தபோது, பாதி துணி போர்த்திய நாற்காலிகள் கடையில் அப்படியே கிடந்தன. வேறு ஆளைத் தேடாமல் அவளே சுத்தியலை எடுத்தாள். சின்ன ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டே வாடிக்கையாளரோடு பேரம் பேசுவாள், சண்டை போடுவாள், சிரிப்பாள். ஓர் ஆணிகூடத் தொண்டைக்குள் போனதில்லை என்று பீற்றிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட வாய் மகளின் நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு அடைத்துப்போனது.

மகள் சப்ரீன். மாப்பிள்ளை எதிர்வீட்டுத் தச்சர் ஃபிக்ரியின் இளைய மகன் ஹில்மி. பெரியவர்கள் பார்த்த சம்பந்தம் என்று ஊருக்குச் சொன்னாலும், அவர்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் கண்வைத்துப் பல காலம் ஆகியிருந்தது. அண்டை வீட்டு ஹாஜ்ஜா அத்தியாத் வாழ்த்துச் சொல்ல வந்தாள். தேன் வழியும் முஷப்பக் இனிப்பை இரண்டு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, சாவகாசமாகக் கேட்டாள்:

"ஏண்டி அவாதிஃப், உன் ஓரகத்தி நஃபீசா ஃபிக்ரி வீட்டுப் புள்ளைக்கும் பால் குடுத்தாளே, மறந்தா போச்சு?"

சப்ரீன் பிறந்தபோது அவாதிஃப் காய்ச்சலில் கிடந்தாள். மாதக்கணக்காகக் குழந்தைக்குப் பால் கொடுத்தவள் நஃபீசாதான். அது தெருவுக்கே தெரியும். ஹில்மியும் அதே மார்பில் குடித்திருந்தால் மார்க்கப்படி இருவரும் அண்ணன் தங்கை. கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஹில்மியின் தாய் ஒரேயொரு குளிர்காலம்தான் ஆஸ்பத்திரியில் படுத்தாள். அப்போது கைக்குழந்தைக்கு நஃபீசா பால் கொடுத்தது உண்மை. எந்தக் குழந்தைக்கு என்பதில்தான் சிக்கல். மூத்தவன் ஷுக்ரிக்கும் ஹில்மிக்கும் இரண்டே வயது இடைவெளி. இருவரும் பிறந்தது நவம்பரில்: மூத்தவன் எண்பத்தொன்பதில், இளையவன் தொண்ணூற்றொன்றில். தாயும் போய்ச் சேர்ந்துவிட்டாள், நஃபீசாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஃபிக்ரியைக் கேட்டால் கையை விரித்தார்.

"மூத்தது பொறந்தப்ப நான் ஈராக்குல, இளையது பொறந்தப்ப லிபியாவுல. ரெண்டு பேரையும் நடக்க ஆரம்பிச்ச பிறகுதான் கண்ணால பார்த்தேன். என்னைக் கேட்டா?"

பள்ளிவாசல் ஷேக் நிதானமாகச் சொன்னார்: "வெறும் சந்தேகம் கல்யாணத்தைத் தடுக்காதும்மா. ஆனா தீர்த்துக்க வழி இருந்தா தீர்த்துக்குங்க."

வழிதான் தெரியவில்லை. ஹில்மி தலையைக் குனிந்தபடி தெருவின் மறுபக்கமாகப் போய்வரத் தொடங்கினான். சப்ரீன் சாப்பாட்டுத் தட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்து போனாள்.

கடைசியில் அவாதிஃப் ஹாஜ்ஜாவின் வீட்டுக்கே போனாள், மகளையும் கூட்டிக்கொண்டு. கூடத்துச் சுவரில் ஒரு புகைப்படம். நஃபீசா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மூக்கு மட்டும் தெரிகிற துணிப்பொட்டலமாக ஒரு குழந்தை.

"இதோ பாரு சாட்சி! ஃபிக்ரி பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடந்த சமயம், அவ புள்ளையோட என் மவன் எடுத்தான்" என்றாள் ஹாஜ்ஜா.

சப்ரீனின் கண் குழந்தையைத் தாண்டிப் போனது. நஃபீசாவின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு நாட்காட்டி, விரல் நகத்தளவுகூட இல்லை.

"அம்மா, அதுல தேதி இருக்கும்."

ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக மங்கியது. படத்தைச் சட்டத்தோடு வாங்கிக்கொண்டு புகைப்படக்காரர் மூர்க்குஸின் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது.

"சீக்கிரம் எடுங்க உஸ்தாத், உயிர் போகுது."

"அவசரப்பட்டா நஃபீசா முகம் கண்ணாடியோட போயிரும். உக்காரு அக்கா, டீ குடி."

பொறுமையாகப் பிரித்தெடுத்து ஸ்கேனரில் கவிழ்த்தார். "ஃபோன் மேலோட்டமா பார்க்கும். இது மயிரிழை மயிரிழையா படிக்கும்" என்றார். இயந்திரம் அந்த மூலையை மட்டும் நகர்ந்து நகர்ந்து உள்வாங்கியது. திரையில் நாட்காட்டி உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. பிப்ரவரி, பத்து. வருடம்: ஒன்று, ஒன்பது, ஒன்பது. கடைசி எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கீறல்.

தொண்ணூறா, தொண்ணூற்றிரண்டா? தொண்ணூறு என்றால் ஷுக்ரி, தொண்ணூற்றிரண்டு என்றால் ஹில்மி. அவாதிஃப் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

மூர்க்குஸ் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி மறுபடி ஸ்கேன் செய்தார். கீறலின் பளபளப்பு குறைந்தது. எண் மட்டும் வரவில்லை. வெளிச்சத்தைக் குறைத்து மையைக் கறுப்பாக்கியபோது, தேதிக்கு மேலே புகையாக ஒரு வரி எழுந்தது.

"அது என்ன எழுத்து?" என்று சப்ரீன் திரையருகே குனிந்தாள். "சீன்... பே... தே. 'சப்த்'. சனிக்கிழமை! அம்மா, சனிக்கிழமை!"

"சனிக்கிழமைன்னா என்னடி?"

சப்ரீன் ஃபோனில் தேடினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போனது. மூர்க்குஸ் தன் ஃபோனில் பார்த்துவிட்டு வாய்விட்டுப் படித்தார்: "தொண்ணூத்திரெண்டுல பிப்ரவரி பத்து திங்கக்கிழமை. தொண்ணூறுல..." நிமிர்ந்து சிரித்தார். "சனிக்கிழமை அக்கா. மடியில இருக்கறது ஷுக்ரி."

அவாதிஃப் மகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகுதான் அழுகை வந்தது.

ஷேக் படத்தைப் பார்த்துத் தாடியை நீவிக்கொண்டார். "குடிச்சவன் அண்ணன். அந்த உறவு அவனோட நின்னுடும், தம்பியைத் தொடாது. நாள் குறிங்க."

செய்தி கேட்டு ஷுக்ரி மரத்தூளோடு பட்டறையிலிருந்து ஓடி வந்தான். "பொட்டலமா இருந்தாலும் அந்த மூக்கைப் பார்த்தாலே நான்னு தெரியலையா உங்களுக்கு? சரி, இப்ப நான் மாப்பிள்ளைக்கும் அண்ணன், பொண்ணுக்கும் அண்ணன். கல்யாணத்துல எந்தப் பக்கம் உக்காருறது?"

"ரெண்டு பக்கமும் நின்னு பரிமாறு" என்றாள் சப்ரீன். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. வாசலில் நின்ற ஹில்மி நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

ஹாஜ்ஜாவோ கொஞ்சமும் அசரவில்லை. "பால் குடுத்தா, கண்ணால பார்த்தேன்னு சொன்னேன். எந்தப் புள்ளைன்னு நான் சத்தியமா பண்ணினேன்?" என்று கேட்டுவிட்டு, தெருவே அதிர முதல் குலவையை அவள்தான் விட்டாள்.

எல்லோரும் போனபின், கடையில் யாரோ ஆர்டர் கொடுத்திருந்த நீண்ட சோபாவில் சற்றுச் சாயலாம் என்று அவாதிஃப் படுத்தாள். சாயங்கால அஸர் பாங்கு சொல்லும்வரை அசையவில்லை. எழுந்தபோது பசி காதை அடைத்தது. பொரித்த மீன் வாங்கி வரச்சொல்லி ஆளனுப்பினாள். எலுமிச்சை நிறைய வேண்டுமென்று ஜன்னல் வழியாக இன்னொரு தடவை கத்திச் சொன்னாள்.