ஏழு ஷாட் பெட்டியின் மேல் நான்

இந்தியாவுக்காக ரக்பி ஆடிவிட்டுத் திரும்பும் பெண்ணைத் திருத்தங்கல் எப்படி வரவேற்கும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைக்கவில்லை. தோளில் கட்டு இருந்ததால் ஒரு அம்மா மட்டும் இரக்கப்பட்டு, "எந்தப் பட்டாசுக் கம்பெனில வெடிச்சது தாயி?" என்று கேட்டார். விளையாட்டில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி மோதி விலகிய தோள் என்றேன். அவர் முகத்தில் இருந்த இரக்கம் உடனே வடிந்துவிட்டது.

நான் ஆடுவது ஏழு பேர் ரக்பி. பாதிக்கு ஏழு நிமிடம், மொத்தம் பதினாலு. பக்கத்து வீட்டு அத்தைக்கு அது தாங்கவில்லை. "பதினாலு நிமிசத்துக்கா ஏரோப்பிளேன் ஏறிப் போயிட்டு வாரே? எங்க வீட்டு குக்கரே அதவிட அதிகமா உளைக்குமே!" பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால்தான் எறிய வேண்டும் என்று விளக்கியதும் அவருக்கு ஆட்டம் முழுதாகப் புரிந்துவிட்டது. "அப்ப எல்லாத்தையும் பின்னுக்கே தள்ளுற நம்ம பஞ்சாயத்து மாதிரின்னு சொல்லு."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அச்சகத்தில் ஆஃப்செட் மிஷின் ஓட்டுகிறவர். "இன்னிக்குத் தோளு, நாளைக்குக் களுத்தா? போதும் தாயி" என்றார். தீபாவளி முடிந்ததும் தேசிய அணிக்கான முகாம். அதற்குள் தோள் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது அப்பாவின் சம்மதம் ஒன்றுதான். இந்த வயதில் அது எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வந்து தங்கலாம்.

இதற்கிடையே அச்சக முதலாளிக்கு என்மேல் திடீர்ப் பாசம். பட்டாசுப் பெட்டி லேபிளில் சாமி, புலி, சிரிக்கும் குழந்தை என்று யாரை வேண்டுமானாலும் போடுவது எங்கள் ஊர் வழக்கம். "ஏழு பேரு ஆட்டம், ஏழு ஷாட்டு வெடி. எம்புட்டுப் பொருத்தம் பாத்தீகளா!" என்று அப்பாவிடம் குதித்தார். பந்தை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தபடி நான் ஓடும் போட்டோவைக் கொடுத்தேன். லேபிளில் மகளைப் பார்த்தால் அப்பா மனம் இளகும் என்று ஒரு நப்பாசை.

அச்சகத்துக் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் அண்ணன் மிகுந்த பொறுப்புள்ளவர். போட்டோவில் பந்து நீளமாக இருப்பதைக் கவனித்தார். உலகத்தில் எந்தப் பந்து நீளமாக இருக்கும்? படம்தான் மேலும் கீழும் இழுபட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, பந்து உருண்டையாகும்வரை பக்கவாட்டில் இழுத்துச் சரிசெய்தார். பந்து உருண்டையானது. நான் அரிசி மூட்டையானேன்.

அந்த லேபிளை அச்சடித்தது அப்பாதான். அச்சுக்காரர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் புள்ளிகளைத்தான் பார்ப்பார்கள். என் மூக்கின் ஓரத்தை நாள் முழுக்க உற்றுப் பார்த்தவர், என்னைப் பார்க்கவே இல்லை. லோடு ஏறிப் போய்விட்டது.

சில நாள் கழித்து டீக்கடையில் நானும் அப்பாவும் நின்றிருந்தோம். லோடு வண்டி டிரைவர் ஒருவர் பெட்டியோடு வந்தார்.

"அண்ணாச்சி, மக இங்கன ஒல்லியா நிக்கிறா. பெட்டியில இருக்கிறது யாரு, இவ அக்காளா? இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ஓடுவாளா, உருளுவாளா?"

கடையே சிரித்தது. அப்பா பெட்டியை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்து, முதல்முறையாக லென்ஸ் இல்லாமல் பார்த்தார். காது சிவந்துவிட்டது.

"ஏலே, யாரப் பாத்து உருளுவாங்கிறே? எம்மக ஓடுனா வெளிநாட்டுக்காரி நாலு பேரு சேந்து வந்தாலும் பிடிக்க முடியாதுலே. அந்தக் கடைசி ஆட்டத்துல ஓரமா ஒடிச்சு ஓடுனா பாரு!"

என் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று சாதித்தவர் இவர்தான். வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "எப்பப்பா பாத்தீக?"

"மிஷினக் களுவுற நேரத்துல செல்லுல பாத்தேன். பதினாலு நிமிசந்தான?" தெருமுனையில் நின்றார். "கையத் தூக்கு, பாப்போம்."

தூக்கினேன். ஒரு கண்ணைச் சுருக்கி, அச்சடித்த தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"முகாமுக்குப் போயிட்டு வா. வரும்போது நல்ல போட்டோவா ஒண்ணு கொண்டா. எம் மிஷின்ல அடிச்ச லேபிளு இப்படி ஊரெல்லாம் சுத்துனா நான் எப்படி வெளிய தல காட்டுறது?"

"அந்த டிசைன் அண்ணன் மறுபடியும் இழுத்துட்டா?"

"பந்து நீளமாத்தான் இருக்கும்னு அந்தப் பயகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ தோளப் பாத்து ஆடு."