குன்றிலிருந்து வராத ஒயின்

ஒத்தாவியாவுக்கு வாரத்தில் பிடித்த பொழுது புதன்கிழமை மதியம். அவள் புருஷன் எவாசியோ சாப்பிட்ட வாயைத் துடைத்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, செகொந்தோவின் முடிதிருத்தும் கடைக்குச் சீட்டாடக் கிளம்பிவிடுவான். அவன் தெருமுனை திரும்பியதும் அவள் சமையலறைக் கதவைத் தாழிட்டு, அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்த பாட்டில்களை எடுத்து மேசையில் பரப்புவாள். எல்லாம் கடை ஒயின். அதிலும் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிற ஒயின். நாலு பேர் பார்க்கக் குனிந்து எடுக்கக் கூச்சப்படுகிறவர்கள் அதைத் தொடமாட்டார்கள்.

சின்ன டம்ளர்களில் ஒரு விரல் அளவு ஊற்றுவாள். முகர்வாள், வாயில் வைத்து உருட்டுவாள். ஒன்று திராட்சை கழுவிய தண்ணீராக இருக்கும். ஒன்று நாக்கைச் சுருட்டும். ஒன்று, அட, பரவாயில்லையே என்று புருவத்தைத் தூக்கவைக்கும். நடுநடுவே ஒரு துண்டு ரொட்டி, ஒரு வில்லை சலாமி இறைச்சி. குளிர்பெட்டித் தொழிற்சாலையில் கதவுக்கு ரப்பர் ஒட்டியே ஆயுசில் பாதியைக் கழித்தவள் அவள். நிதானமாக உட்கார்ந்து, எது நன்றாயிருக்கிறது என்று தானே முடிவு செய்கிற சுகம் அறுபது வயதில்தான் அவளுக்கு வாய்த்தது. அந்தச் சுகமும் ஒரு பொய்யின் தயவில் வந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எவாசியோ ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளைக் கோத்துவிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். போ என்னும் ஆற்றின் கரைச் சமவெளியில் குடியிருந்தாலும் அவன் மனசு முழுக்க மொன்ஃபெராத்தோ குன்றில், அப்பா நட்ட திராட்சைத் தோட்டத்தில் கிடந்தது. பாகப்பிரிவினையில் நகரத்து வீடு அவனுக்கும் தோட்டம் தம்பி ரெமோவுக்கும் போனது. ஆனாலும் ஒவ்வொரு மார்ச்சிலும் தேய்பிறை பார்த்து, ரெமோ பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஒயினைக் கொண்டுவருவான். அண்ணனும் தம்பியும் நிலவறையில் உட்கார்ந்து பாட்டிலில் ஊற்றி அடைப்பார்கள். வளர்பிறையில் அடைத்தால் ஒயின் பாட்டிலுக்குள்ளேயே பொங்கிக் கெடும் என்பது எவாசியோவுக்கு வேதவாக்கு. அந்தப் பாட்டில்களில் லேபிள் ஒட்டுவதில்லை.

"லேபிள் எதுக்கு? அப்பன் பேர் தெரியாத ஒயினுக்குத்தான் அடையாளச் சீட்டு வேணும்" என்பான். கடை ஒயினைப் பற்றி அவன் சொல்வதைப் பாதிரியார் காதில் போட முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் யார்டு வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். பிழைத்தான். படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, மனசு அதிரும்படி எதையும் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவன் வீடு திரும்பிய அதே வாரம் ரெமோ வந்தான். அண்ணனைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கையில் கசக்கியபடி சமையலறைக்குள் வந்து நின்றான்.

"அண்ணி, தோட்டத்தை வித்துட்டேன்."

"எந்தத் தோட்டத்தை?"

"நம்மகிட்ட என்ன ஒம்பது தோட்டமா இருக்கு? முதுகு போச்சு அண்ணி. என் பையன் மம்பட்டியைத் தொட மாட்டேங்கறான். ஒரு மிலான்காரன் பங்களா கட்டக் கேட்டான், குடுத்துட்டேன். கொடியெல்லாம் பிடுங்கியாச்சு."

ஒத்தாவியா அடுப்பை அணைத்தாள். "உன் அண்ணன்கிட்ட யாரு சொல்றது?"

"இப்ப வேண்டாம். நெஞ்சு கொஞ்சம் தேறட்டும்."

"அப்போ மார்ச்சுல என்னத்தைக் கொண்டு வருவே?"

ரெமோ தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே நழுவினான். கோழை. இந்தக் கதையில் முதல் தப்பு அவனுடையது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. இரண்டாவது தப்பு ஒத்தாவியாவுடையது, அன்பால் வந்தது. ஆனால் அன்பால் வந்த தப்புக்குத் தண்டனை குறைவு என்று எங்கும் எழுதிவைக்கவில்லையே.

தேறட்டும், தேறட்டும் என்றே வருஷங்கள் போயின. மார்ச் வந்தால் ரெமோ காலிக் குடுவைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து எவாசியோ அதிகாரம் செய்வான். "மெதுவா இறக்குடா! குலுக்காதே!" ரெமோவும் ஒத்தாவியாவும் நிலவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் குளிர்காலம் முழுக்கச் சேர்த்துவைத்த கடை ஒயினை லேபிள் இல்லாத பழைய பாட்டில்களில் ஊற்றி, தக்கை அடிப்பார்கள். அதற்குத்தான் அந்தப் புதன்கிழமைகள். குன்றின் ஒயினுக்கு நெருக்கமாக எது இருக்கிறது என்று அவள் நாக்கு தேடிக்கொண்டே இருந்தது. ஒன்றின் புளிப்பையும் இன்னொன்றின் கனத்தையும் கலந்து பார்த்தாள். முதல் வருஷம் எவாசியோ குடித்துவிட்டு, "இந்தத் தடவை மழை ஜாஸ்தி" என்றான். இரண்டாம் வருஷம், "ரெமோ கொஞ்சம் சீக்கிரம் பறிச்சுட்டான்" என்றான். அதற்கு மேல் சந்தேகப்படவில்லை.

எண்பத்தாறாம் வருஷம் அவளுக்குக் கலக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு லிட்டர் பாட்டில், மற்ற எல்லாவற்றையும்விட மலிவு, திறந்ததும் நல்ல வீரியமான வாசனை. ஒரு வாய் உருட்டிப் பார்த்தவள் அசந்துபோனாள். அச்சு அசல் அந்தக் குன்று. நல்ல வெயில் அடித்த வருஷத்து ஒயின் மாதிரி தொண்டையில் சூடு இறங்கியது. கண்டுபிடித்துவிட்டேன் என்ற பூரிப்பில் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

பாட்டில் அடைத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை செகொந்தோ விருந்துக்கு வந்தான். இறைச்சி பொதிந்த அன்யொலோத்தி, முதல் பாட்டில். எவாசியோ ஊற்றினான், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், குடித்தான், கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னடா, ஜெபமா?" என்றான் செகொந்தோ.

"வாயை மூடிக்கிட்டுக் குடி. எங்க அப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துட்டார்டா. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ணு வந்ததில்ல."

"எழுந்து வந்தவருக்கு முடி வெட்டணும்னா என் கடைக்கு அனுப்பு."

"முதல்ல உன் தலையில நாலு முடி முளைக்கட்டும். ஒத்தாவியா, நீயும் ஊத்திக்கோ!"

அவள் தன் சூப்புக் கிண்ணத்தில் ஒரு விரல் ஊற்றிக் கலக்கிக் குடித்தாள், எப்போதும் போல. அவர்கள் இருவரும் பாட்டிலை முடித்து அடுத்ததைத் திறந்தார்கள். கிளம்பும்போது எவாசியோ நண்பனின் கையில் ஒரு முழு பாட்டிலைத் திணித்தான். "பல்மீராவுக்குக் குடு. அவ உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஆறுதல் பரிசு."

திங்கட்கிழமை எவாசியோவுக்குத் தலைவலி. வயிறு புரட்டியது. "அன்யொலோத்தி கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சொல்லி, வயிற்றைச் சரிசெய்ய மதியம் மேலும் இரண்டு டம்ளர் குடித்தான். அவளே ஊற்றிக்கொடுத்தாள்.

செவ்வாய் காலை அவன் ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"என்ன பனிமூட்டம் பாரு. எதிர்வீடே தெரியல."

அந்த ஊரில் பனிமூட்டம் அதிசயமில்லை. ஆற்றிலிருந்து எழுந்து வந்து வாரக்கணக்கில் தெருவை மூடிக்கொண்டு கிடக்கும். அவள் தலையை நிமிர்த்தாமல் காபியை ஊற்றினாள். பிறகு நிமிர்ந்தாள். வெளியே பளீரென்று வெயில். எதிர்வீட்டுக்காரி பால்கனியில் கம்பளி உதறிக்கொண்டிருந்தாள். எவாசியோ திரும்பி மேசையைப் பார்த்தான்.

"ஒத்தாவியா, ஜன்னலைச் சாத்து. பனி வீட்டுக்குள்ள வந்துடுச்சு."

அவள் கையிலிருந்த காபிப் பாத்திரம் கீழே விழுந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். பழைய நெஞ்சுவலிச் சீட்டைப் புரட்டினார். பிறகு யோசனையோடு கேட்டார்.

"ஒயின் குடிப்பீங்களா?"

"நான் என்ன மாடா, வெறும் தண்ணி குடிக்க?"

"கடையில வாங்கினதா? மிலான் பக்கம் சிலர் செத்திருக்காங்க. ஏதோ மலிவு ஒயின்ல விஷச் சாராயம் கலந்திருக்குன்னு ரேடியோல சொல்றாங்க. அதான் எல்லாரையும் கேக்கறோம்."

எவாசியோ படுத்த இடத்திலிருந்தே நெஞ்சை நிமிர்த்தினான். "டாக்டர், கடை ஒயின் என் வீட்டு வாசப்படி ஏறினதில்ல. எங்க அப்பா நட்ட கொடி. என் தம்பி பிழிஞ்சது. வேணும்னா இவளைக் கேளுங்க."

டாக்டர் அவளைப் பார்த்தார். ஒத்தாவியாவின் வாய் திறந்தது. எவாசியோ பார்வை போன கண்களை அவள் நின்ற பக்கமாகத் திருப்பிப் பெருமையாகச் சிரித்தபடி இருந்தான். சொன்னால் இந்த நெஞ்சு இங்கேயே நின்றுவிடும் என்று நினைத்தாள். நானும்தானே குடித்தேன், எனக்கு ஒன்றுமில்லையே என்றும் நினைத்தாள். சூப்பில் விட்ட ஒரு விரலையும் அவன் குடித்ததையும் சமமாக வைத்து அவள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். பயம் கணக்குப் போட்டால் அப்படித்தான் போடும்.

"ஆமா. கொழுந்தனார் தோட்டத்து ஒயின்" என்றாள்.

அப்படியானால் இதயத்திலிருந்து ரத்தக்கட்டி ஏதோ மூளைக்குப் போயிருக்கும் என்று முடிவு செய்து, அதற்கான மருந்தை ஏற்றினார்கள். அவள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தடவை டாக்டர் கடந்துபோகும்போதும் எழுந்தாள், உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து எவாசியோ, "விளக்கைப் போடுங்கப்பா, மஞ்சளாவது தெரியட்டும்" என்று கேட்பது காதில் விழுந்தது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்போதும் அவள் சொல்லவில்லை.

சாயங்காலம் ஒரு நர்ஸ் கேட்டாள், வீட்டில் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்று. செகொந்தோவுக்கு, என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த ஆறுதல் பரிசு ஞாபகம் வந்தது. ஓடிப்போய்த் தொலைபேசியைச் சுழற்றினாள். பல்மீராதான் எடுத்தாள்.

"அவரா? காலையிலேர்ந்து தலைவலின்னு படுத்திருக்கார். நேத்து ராத்திரி உங்க பாட்டிலை மொத்தமா முடிச்சுட்டார் மனுஷன். எனக்கு ஒரு சொட்டு வைக்கல."

"பல்மீரா, அவனை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. அது ரெமோ ஒயின் இல்ல. கடையில வாங்கினது. நான் வாங்கினது. தூக்கிட்டாவது வா!"

தாழ்வாரத்தில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. டாக்டருக்கும் கேட்டது. அவர் ஒரு வினாடி அவளையே பார்த்துவிட்டு எவாசியோவிடம் ஓடினார். திட்டியிருக்கலாம்.

அந்த விஷத்துக்கு மாற்று நல்ல சாராயம்தான். அதைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றினார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஒரே மருந்து. செகொந்தோ சனிக்கிழமை எழுந்து நடந்தான். எவாசியோ உயிர் பிழைத்தான், கண் திரும்பவில்லை. காலையிலேயே தெரிந்திருந்தால், என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை அவள் வாழ்நாள் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

எல்லாவற்றையும் அவளே எவாசியோவிடம் சொன்னாள். அவன் நெஞ்சு நிற்கவில்லை. அவள் மூன்று வருஷம் பயந்த அந்த ஒன்று நடக்கவே இல்லை.

"அப்போ மூணு வருஷமா நான் கடை ஒயினைத்தான் புகழ்ந்துக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா."

"செகொந்தோவுக்குத் தெரியுமா?"

"இப்ப எல்லாருக்கும் தெரியும்."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அதன்பின் ஈஸ்டர் முடிந்தும் அவளோடு பேசவில்லை. அவள் ஊட்டினால் சாப்பிட்டான், சட்டை மாட்டிவிட்டால் கையை நீட்டினான். நிலவறையிலிருந்த பாட்டில்களை நகராட்சி ஆட்கள் வந்து எடுத்துப் போனார்கள். ரெமோ தெருவரை வந்து திரும்பிப் போனதாகச் சொன்னார்கள். எவாசியோ திட்டியிருந்தால், ஒரு தட்டையாவது வீசியிருந்தால் ஒத்தாவியா தாங்கியிருப்பாள். அந்த மௌனம் அவளை அரித்துத் தின்றது.

மே மாதம் ஒருநாள் காலை அவனாகவே வாயைத் திறந்தான். "என்னைக் குன்றுக்குக் கூட்டிட்டுப் போ."

செகொந்தோதான் காரை ஓட்டினான். வழியில் ஒரு வேடிக்கைப் பேச்சுக்கூட அவன் வாயிலிருந்து வரவில்லை. தோட்டம் இருந்த இடத்தில் இறங்கினார்கள். சரிவு முழுக்கச் சமன் செய்யப்பட்டு, செம்மண் வெடித்துக் கிடந்தது. மிலான்காரனின் பங்களாவுக்கு அஸ்திவாரம் மட்டும் தோண்டியிருந்தது. வேலை பாதியில் நின்றுபோயிருந்தது. கொடி என்று சொல்ல ஒரு குச்சிகூட இல்லை.

எவாசியோ அவள் கையைப் பிடித்தபடி நின்றான். காற்று அடித்தது. "சொல்லு. என்ன தெரியுது?"

ஓரத்தில் ஒரு வரிசை மிச்சம் இருக்கிறது, தளிர் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவள் நாக்கு துடித்தது. அந்த நாக்கை அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

"ஒண்ணுமே இல்ல, எவாசியோ. வெறும் மண்ணு. எல்லாத்தையும் பிடுங்கிட்டாங்க. ஒரு கொடிகூட இல்ல."

"ஒண்ணுகூட இல்லையா?"

"சத்தியமா இல்ல."

அவன் தலையாட்டினான். பிறகு அவள் கையை விட்டான். மெதுவாக முழங்காலில் உட்கார்ந்து, குனிந்து, இரண்டு கைகளாலும் மண்ணைத் துழாவ ஆரம்பித்தான். வலப்பக்கம் கை எட்டும் தூரம்வரை துழாவினான், இடப்பக்கம் துழாவினான், தவழ்ந்து முன்னால் போய் மறுபடி துழாவினான். செகொந்தோ தூக்கப் போனபோது ஒத்தாவியா தடுத்துவிட்டாள்.

"விடு. நான் சொன்னது நிஜம்தானான்னு பாக்கறான். பாத்துக்கட்டும்."